பவளத்தைக் கடைசியில் வாங்குங்கள்

வரவேற்பறையில் ஓர் உப்புநீர் மீன்தொட்டி இருந்தால் வீட்டுக்கே தனி அழகு வந்துவிடுகிறது. பிள்ளைகளும் தொலைக்காட்சியை விட்டு அதன் முன் வந்து அமர்ந்துகொள்கிறார்கள். ஆனால், தொட்டி வைக்க விரும்புவோரில் பலர் செய்வது என்ன? கடைக்குப் போகிறார்கள். நீல விளக்கின் கீழ் மின்னும் பவளத்தைக் கண்டதும் மனம் பறிகொடுத்து, உடனே விலை பேசி வாங்கிவிடுகிறார்கள். விளக்கு, நீர், துப்புரவு உயிரினங்கள் பற்றிய யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசை தலைகீழானது. அறுபது, எழுபது லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு தொட்டியில் இதன் விளைவு சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. அது ஓர் உயிரினம். அதன் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. ஆகவே தொட்டியின் விளக்கு வெறும் அலங்காரம் அன்று. பவளத்துக்கு அதுவே சோறு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்குத் தரும் அதே உயர்ந்த பாதுகாப்பைக் கல் பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவற்றுக்கும் 2001ஆம் ஆண்டில் வழங்கியது. கடல் அட்டையும் சில சங்கு, சிப்பி இனங்களும் அப்போதே பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. எனவே நம் நாட்டு வீடுகளில் கல் பவளம் வளர்ப்பது குற்றமாகும். கடலிலிருந்து ஒரு துண்டுப் பாறையைப் பெயர்த்து வருவதும் அப்படியே.

கீழக்கரைப் பக்கத்துக் கடலோர மக்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்குமாக அங்கே பல காலம் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அந்தத் தீவுகளில் இரண்டு இப்போது நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள், பண்ணையில் வளர்க்கப்பட்ட பவளங்களை உரிய ஆவணம் உள்ள கடைகளில் வாங்கலாம். ஆனால், விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவற்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் எண்ணம் வேண்டாம். கல் பவளங்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்வதை ‘சைட்டிஸ்’ என்னும் பன்னாட்டு ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. அனுமதிச் சீட்டின்றிக் கொண்டுவந்தால் பவளமும் பறிபோகும், வழக்கும் வந்து சேரும்.

இனி விளக்குக்கு வருவோம். கடல்நீர், சூரிய ஒளியின் சிவப்பு நிறத்தை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆழத்துக்குச் செல்வது நீல ஒளியே. பவளத்துக்குள் வாழும் பாசிகள் அதற்குப் பழகியவை. எனவே நீலமும் வெண்மையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய எல்.இ.டி. விளக்காகப் பார்த்து வாங்குங்கள். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் நீரைச் சூடாக்கும். சிறு தொட்டிக்கு அவை பொருந்தா. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர ஒளி போதும். நேரத்தை ஒரு டைமரிடம் ஒப்படைத்துவிடுங்கள். புதிய விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் எரிய விடாமல், குறைந்த ஒளியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒளி குறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும். திடீரென மிகுந்தால் வெந்துபோகும்.

வெப்பமும் அவ்வாறே. நீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நலம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் நீர் சூடேறியபோது, பவளங்கள் தம்முள் வாழ்ந்த பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போயின. அத்தனை பெரிய கடலிலேயே அப்படியென்றால், ஏ.சி. நின்றுபோன ஒரு பிற்பகலில் சிறு தொட்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

விளக்கு அமைந்தபின் நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில்தான் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் பெருகி, நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகுகின்றன. நீரின் அடர்த்தி எண் 1.025 அளவில் இருக்கட்டும். ஆவியாகி வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள், நீர் ஆவியாகுமே தவிர, உப்பு ஆவியாவதில்லை. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிப் புதிய உப்புநீர் விடுங்கள்.

இக்காலத்தில் கண்ணாடியில் முதலில் பழுப்பாகவும் பின்னர் பச்சையாகவும் பாசி படரும். கலங்க வேண்டாம். துப்புரவு உயிரினங்களை அழைக்க அதுவே நேரம். பாசி வருமுன் நத்தைகளை விட்டால் அவை உணவின்றி மடிந்து நீரைக் கெடுக்கும். எழுபது லிட்டர் தொட்டிக்கு நான்கைந்து நத்தைகள் தொடக்கத்துக்குப் போதும். ட்ரோக்கஸ் நத்தை கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்ட்ரியா நத்தைக்கு அந்தத் திறன் குறைவு, நாம்தான் நிமிர்த்திவிட வேண்டும். மணலில் புதைந்து வாழும் நசாரியஸ் நத்தை, மீன் தின்று மிஞ்சிய உணவைத் தேடித் தின்னும். சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கும் நண்டு வளர்ப்போர் காலி ஓடுகள் சிலவற்றையும் போட்டுவைக்க வேண்டும். இல்லையேல் அது வீடு தேடி நத்தையைக் கொன்றுவிடும். நட்சத்திர மீனைச் சிறு தொட்டியில் விடாதீர்கள். இரை போதாமல் மெல்ல மடியும். இன்னொன்று: மீன்களுக்குத் தரும் செம்பு கலந்த மருந்து நத்தை, இறால், பவளம் அனைத்தையும் கொல்லும். அந்த மருத்துவம் தனித் தொட்டியில்தான் நடக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகே பவளம். முதன்முதலில் வளர்ப்போர் மென்பவள வகையில் தொடங்கட்டும். காளான் பவளம் குறைந்த ஒளியிலும் தாக்குப்பிடிக்கும். அதைத் தொட்டியின் அடியில் வையுங்கள். தோல் பவளத்துக்கு நடுமட்டம் ஏற்றது. ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி விடுங்கள். பவளங்கள் இடத்துக்காகப் போரிடுபவை. கிளைவிடும் கல் பவளங்களுக்கு மிகுந்த ஒளியும், மாறாத நீர்த்தன்மையும் தேவை. அனுமதியுள்ள நாட்டில் இருந்தாலும், ஓராண்டுப் பழக்கம் வரும்வரை அவற்றை நாடாதீர்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. பொத்தான் பூக்களைப் போலக் கண்ணைக் கவரும் சோவாந்தஸ் இனங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டியுள்ள கல்லைக் கொதிநீரில் போட்டாலோ, தேய்த்துக் கழுவினாலோ நஞ்சு ஆவியோடும் திவலையோடும் பரவி, வீட்டிலுள்ளோர் அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். கையுறையும் கண்ணாடியும் இன்றி அவற்றைத் தொடாதீர்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றைத் தவிர்ப்பதே நன்று.

தமிழகத்து வீடுகள் ஏமாற வேண்டியதில்லை. மத்தியக் கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த ஒரு சோடி கோமாளி மீன், செயற்கைப் பவளம், மிதமான விளக்கு. பிள்ளைகள் கண்டு மகிழ இவை போதும். உண்மைப் பவளத்தைப் பார்க்க வேண்டுமெனில், ஒரு விடுமுறையில் அவர்களை மன்னார் வளைகுடாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அது அங்கேயே உயிரோடு இருக்கட்டும்.