‘குழந்தைக்கு என்ன குடுத்த?’ - இந்தக் கேள்வி ஏன் அம்மாவிடம் மட்டும் வருகிறது?

குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டாலே வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான்: “நேத்து என்ன குடுத்த?” மாமியார் கேட்பார். கணவர் ஆபீஸில் இருந்து போன் போட்டுக் கேட்பார். கிளினிக்கில் டாக்டர் கேட்பார். எல்லோரும் பார்ப்பது அம்மாவின் முகத்தைத்தான்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை எண்ணிக்கையில் சொல்கிறது. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் அது 21.4 சதவீதம். செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பெண்கள் ஒரு நாளைக்கு 140 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 74 நிமிடம்.

இந்த நிமிடக் கணக்கில் வராத வேலை ஒன்று இருக்கிறது. முடிவெடுக்கும் வேலை. பாலில் எந்த பவுடரைக் கலப்பது, வயிற்றுப்போக்குக்கு என்ன வாங்குவது, இருமலுக்கு சிரப் கொடுக்கலாமா வேண்டாமா என்று தினமும் பத்து முடிவுகள். தவறினால் பழி ஒருவருக்குத்தான். ஆனால் சரியான முடிவெடுக்கத் தேவையான தகவல் அந்த ஒருவரின் கைக்கு உண்மையிலேயே வந்து சேர்கிறதா? கடந்த சில ஆண்டுகளில் நடந்த மூன்று விஷயங்களைப் பார்த்தால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலை: பாலில் கலக்கும் ‘ஹெல்த்’

“வெறும் பால் குடிக்க மாட்டேங்கறான், அதைக் கலந்தாதான் குடிக்கிறான்.” பள்ளிக்குப் போகும் குழந்தை உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம். பல தலைமுறையாக இந்த பவுடர்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்றே விற்றார்கள், நாமும் அப்படியே வாங்கினோம்.

2024 ஏப்ரலில்தான் கதை மாறியது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு, போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பிரிவில் இருந்து நீக்கும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. அதே மாதம் ஹார்லிக்ஸ் தன் பிரிவின் பெயரில் இருந்து ‘ஹெல்த்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்’ என்று மாற்றிக்கொண்டது.

சட்டத்திலேயே இல்லாத ஒரு பெயரை நம்பித்தான் அம்மாக்கள் இத்தனை ஆண்டுகளாக ஸ்பூனில் அளந்து கலந்திருக்கிறார்கள்.

சரி, லேபிளைப் படித்திருக்கலாமே? படித்துப் பார்ப்போம். ஒரு பவுடரில் 100 கிராமுக்கு 32 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 20 கிராம் பவுடர் என்றால் சர்க்கரை 6.4 கிராம். காலை, மாலை இரண்டு டம்ளர் குடித்தால் 12.8 கிராம். அதோடு வீட்டில் டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டால் மொத்தம் 20 கிராமைத் தாண்டிவிடும்.

சேர்க்கப்படும் சர்க்கரையில் இருந்து கிடைக்கும் கலோரி ஒரு நாளின் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு சுமார் 1,360 கலோரி தேவை. அதில் 5 சதவீதம் என்றால் 17 கிராம் சர்க்கரை. பிஸ்கட், ஜூஸ், சாக்லேட் எதையும் கணக்கில் சேர்க்காமலே, பாலிலேயே அந்த அளவு முடிந்துவிடுகிறது.

ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘வளர்ச்சி’, ‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்று அச்சடிக்க முடிகிறவர்களால், சர்க்கரையையும் அங்கேயே அச்சடிக்க முடியாதா?

மதியம்: ஓஆர்எஸ் என்று எழுதியிருந்த ஜூஸ்

குழந்தைக்கு நாலு தடவை தண்ணியாகப் போனதும் அம்மா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறார். “ஓஆர்எஸ் குடுங்க.” ஆரஞ்சு, ஆப்பிள் வாசனையில் டெட்ரா பேக் கைக்கு வருகிறது. மேலே ‘ஓஆர்எஸ்’ என்ற எழுத்துகளும் இருக்கின்றன. அவர் கேட்டதும் அதுதான், கிடைத்ததும் அதுதான். ஆனால் உள்ளே இருந்தது வேறு.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் உண்மையான ஓஆர்எஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் 20.5 கிராம் தூள். குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளத் தேவையான அளவுக்குத்தான் இதில் குளுக்கோஸ் இருக்கிறது. சர்க்கரை அந்த அளவைத் தாண்டி அதிகமாகும்போது அது உடம்பில் இருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும், வயிற்றுப்போக்கு கூடும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனோபிஸ் இந்தக் கரைசலைப் பரவலாகக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். அப்படிப்பட்ட பெயரைத்தான் சர்க்கரை அதிகமுள்ள பானங்கள் கடன் வாங்கிக்கொண்டன.

ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் போராடினார். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022 ஏப்ரலில் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. அதே ஆண்டு ஜூலையில், ‘இது உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் அல்ல’ என்று பாக்கெட்டில் எழுதினால் போதும் எனத் தளர்த்தியது. பெயரில் ஓஆர்எஸ், அடியில் ‘இது ஓஆர்எஸ் அல்ல’! 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

நடுவில் கடந்த ஆண்டுகளில் எத்தனை அம்மாக்கள், குழந்தைக்கு நல்லது செய்வதாக நினைத்து இதை வாங்கிக் கொடுத்திருப்பார்கள்? அவர்கள் யாரும் அலட்சியமாக இருந்தவர்கள் இல்லை. சரியான பொருளைத்தான் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

இரவு: இருமல் சிரப்

மூன்றாவது விஷயம் மூன்றிலும் கொடூரமானது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இறப்பு எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப் பொருள் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான்.

அந்தப் பெற்றோர்களில் பலர் கடையில் தாங்களாகக் கேட்டு வாங்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போய் வாங்கினார்கள். ஒரு ‘நல்ல அம்மா’ செய்ய வேண்டியது என்று ஊர் சொல்லும் அத்தனையையும் செய்தார்கள்.

இந்த சிரப்பில் இருந்த குளோர்ஃபெனிரமின், ஃபீனைல்எஃப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலில் எச்சரிக்கை போட வேண்டும் என மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. மரணங்களுக்குப் பிறகு 2025 அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் மீண்டும் சொன்னது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. குழந்தைகளின் சாதாரண இருமல் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

“சிரப் எழுதித் தராத டாக்டர் என்ன டாக்டர்?” என்று கேட்கும் நம் பழக்கமும் இதில் சேர்த்தி என்பதை மறுக்க முடியாது. ஆனால் பாட்டிலுக்குள் விஷம் இருக்கிறதா என்று எந்த அம்மாவாலும் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது தொழிற்சாலையின் வேலை, ஆய்வாளரின் வேலை, அரசின் வேலை.

‘அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?’

இங்கேதான் இன்னொரு குரல் வரும். “கெமிக்கலே வேணாம், கைவைத்தியம் பாத்துக்கலாம்.” பயந்துபோன அம்மாவுக்கு இது பெரிய ஆறுதலாகக் கேட்கும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இருமலின்போது கொஞ்சம் தேன் கொடுப்பது உதவும். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வர வாய்ப்பு உண்டு. சூடம் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். வீட்டில் இருக்கும் பொருள் என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் ஒரு வீடியோ, மாலையில் அதற்கு நேர்மாறான வீடியோ. இரண்டையும் பார்த்து எது உண்மை என்று தீர்மானிக்க வேண்டியதும் பெரும்பாலும் அம்மாதான். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம்.

‘படிச்சவங்கதானே, பாத்து வாங்கக் கூடாதா?’

விழிப்புணர்வு வேண்டும்தான். ஆனால் மேலே சொன்ன மூன்றிலும், விழிப்பாக இருக்க வேண்டிய வேறு பலர் இருந்தார்கள். அவர்கள் தாமதித்த ஆண்டுகளுக்கான விலையை வீடுகள் கொடுத்தன. ‘லேபிளைப் படியுங்கள்’ என்ற அறிவுரை சொல்வதற்கு எளிது, செலவும் இல்லை. லேபிளைச் சரியாக எழுத வைப்பதுதான் கடினம். அதனால்தான் முதலாவது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது, இரண்டாவது தள்ளிக்கொண்டே போகிறது.

சிலி நாடு 2016-இல் ஒரு வழி காட்டியது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. கணக்குப் போடத் தேவையில்லை, பார்த்தாலே புரியும். இந்தியாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-இல் முன்வைத்தது நட்சத்திர மதிப்பீடு. நார்ச்சத்து, புரதம் போன்ற நல்ல விஷயங்களுக்கு மதிப்பெண் கொடுத்துச் சர்க்கரையின் கெடுதலைச் சமன்செய்ய அது இடம் தருகிறது என்பது விமர்சகர்களின் வாதம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் முன்பக்க லேபிள் விஷயத்தில் விரைந்து பரிந்துரை தரச் சொன்னது. குழந்தைகள் சாப்பிடும் பொருட்களுக்காவது நட்சத்திரத்தை விட்டுவிட்டு எச்சரிக்கை முத்திரையைக் கொண்டுவர வேண்டும். மருந்து விஷயத்தில், ஒவ்வொரு பேட்சும் சோதிக்கப்பட்ட பிறகே கடைக்கு வர வேண்டும் என்ற விதி காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

வீட்டில் என்ன மாற வேண்டும்?

அரசு செய்யும் வரை வீடு காத்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பொறுப்பையும் அம்மா தலையிலேயே ஏற்றினால் எதுவும் மாறாது. அப்பாக்களுக்கு, “நானும் ஹெல்ப் பண்றேன்” என்பதைத் தாண்டி, தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில:

* குழந்தையின் எடை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பல அப்பாக்களுக்கு பைக்கின் மைலேஜ் தெரியும், குழந்தையின் எடை தெரியாது.

* பாராசிட்டமால் டிராப்ஸும் சிரப்பும் ஒன்றல்ல. டிராப்ஸில் ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. ‘அரை மூடி குடு’ என்று போனில் சொல்வது ஆபத்து. மருந்தோடு வரும் அளவுக் கோப்பையோ டிராப்பரோதான் பயன்படுத்த வேண்டும்.

* ஓஆர்எஸ் பாக்கெட்டில் உலக சுகாதார அமைப்பின் ஃபார்முலா என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும், 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்.

* போன மாதம் மிச்சமான சிரப், அக்கா குழந்தைக்கு எழுதிய சிரப் இரண்டும் வேண்டாம்.

* வேகமாக மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

டாக்டர் சீட்டு, தடுப்பூசி அட்டை, மருந்தின் பெயர், அளவு எல்லாம் இரண்டு பேர் போனிலும் இருந்தால், ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் தூங்கலாம், இன்னொருவர் மருந்து கொடுக்கலாம். கிளினிக்குக்கு அம்மாதான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இருக்காது.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று புகழ்வது நம் ஊரில் எளிது. அந்தப் புகழ்ச்சிக்குப் பின்னால், மற்றவர்கள் எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்ற வசதியும் ஒளிந்திருக்கிறது. கம்பெனிக்கும், ஆய்வாளருக்கும், பக்கத்து அறையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் அதே வசதிதான். குழந்தையின் ஆரோக்கியம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றால், முதலில் அந்த வசதியைத்தான் பறிக்க வேண்டும்.