முற்றத் தோட்டமும் சாகுபடியே

நகரங்களில் எழும் பெரிய அலுவலகக் கட்டடங்களின் நடுவே முற்றம் விட்டு, அங்கே தோட்டம் போடுகிறார்கள். வேலை செய்வோரின் கண்ணுக்குக் குளிர்ச்சி, நல்ல காரியம்தான். ஆனால் படத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பதும், கிராமத்து மண்ணையும் கிணற்று நீரையும் விலைக்கு வாங்கி அதை வளர்ப்பதும் சரியல்ல. முற்றத் தோட்டமும் ஒரு சாகுபடியே. வெளிச்சம், மண், நீர் மூன்றையும் பார்த்த பிறகே செடியைத் தீர்மானிக்க வேண்டும்.

நியூயார்க்கில் உள்ள ஃபோர்டு அறக்கட்டளை அலுவலகம் இதற்குத் தக்க சான்று. தஞ்சை விவசாயிகளுக்கு இப்பெயர் புதிதல்ல. தஞ்சாவூரில் 1960களில் நடந்த தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு உதவியது இந்த அறக்கட்டளை. 1966இல் ஐ.ஆர்.8 நெல்லை வெளியிட்ட பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தை அமைக்கவும் பணம் கொடுத்தது.

அதன் 12 மாடிக் கட்டடம் 1967இல் முடிந்தது. கண்ணாடிக் கூரையின் கீழ், சுமார் 33 சென்ட் பரப்பில் தோட்டம். வடிவமைத்தவர் டான் கைலி என்ற புகழ்பெற்ற நிபுணர். மக்னோலியா முதலிய மரங்களை நட்டார். உள்ளே இருந்த வெளிச்சமும் வெப்பமும் ஒத்துவராததால் பல செடிகள் நிலைக்கவில்லை. பின்னர் வெப்பநாட்டுச் செடிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. தென்னந்தோப்பு நிழலில் எள் விதைக்கலாகாது, அகத்தி நிழலில் வெற்றிலை படரும் என்று அறிந்த விவசாயிக்கு இது வியப்பளிக்காது.

அங்கே பாராட்டத்தக்கதும் உண்டு. கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சினார்கள். 10,000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர் நீர் கிடைக்கும்; ஏறத்தாழ ஒரு டாங்கர் லாரி அளவு. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்த நீர் இருக்க, நகரையொட்டிய கிராமத்துக் கிணறுகளை ஏன் இறைக்க வேண்டும்? வெயில் விழாத முற்றத்தில் நீர் குடிக்கும் புல்தரைதான் எதற்கு? பெரணியும் மருளும் போதுமே!

மண்ணும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அஸ்திவாரம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, மட்கிய உரம் கலந்தால் தோட்டத்துக்கு ஆகும்.

மண்ணும் நீரும் விற்றால் விவசாயிக்குக் காசு வருகிறதே என்பார்கள். காசு ஒருமுறை வரும். கிணறு வற்றினால் பக்கத்து வயலும் காயும். மேல்மண் போன நிலத்தில் மூட்டை மூட்டையாக உரமிட்டாலும் பழைய மகசூல் எளிதில் திரும்பாது. அலுவலகங்களுக்கு விற்கத் தக்கவை நிழலில் வளரும் செடிகளும் மண்புழு உரமுமே. கிணற்றடியில் கீற்றுப் பந்தல் போட்டு, சில சென்ட் நிலத்திலேயே இவற்றைத் தயாரிக்கலாம். கட்டடம் கட்டுவோரும் இவற்றை அருகிலுள்ள சிறு விவசாயிகளிடமே வாங்க முன்வர வேண்டும். நகரத்து முற்றம் பச்சையாக இருக்கட்டும்; அதற்காகக் கிராமத்து வயல் கட்டாந்தரையாகிவிடக் கூடாது.