குழாய் மண்ணுக்குள்ள இருக்கட்டும், கணக்கு ஊருக்கு முன்னாடி வரட்டும்



எண்ணூர் எரிவாயுவைப் பெங்களூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுபோற குழாய்த் திட்டத்தின் பெயரிலேயே திருவள்ளூர் இருக்கு. இப்படிக் குழாய் போகும் நிலத்துல, 1962 சட்டப்படி பட்டா விவசாயி பேர்லதான் இருக்கும். ஆனா அதுக்கு மேல வீடு கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது.

கனகம்மாசத்திரம் டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டார்: "இரும்பு மண்ணுக்குள்ள துருப்பிடிக்காதாப்பா?"

பிடிக்கும். அதுக்குத்தான் குழாய் மேல பிளாஸ்டிக் பூச்சு. இறக்கும்போது ஒரு கல்லு கீறினாலும் போதும், அந்த இடத்துல அரிப்பு ஆரம்பிச்சிடும். அதைத் தடுக்க மண்ணு வழியா குழாய்க்குச் சிறு நேர்மின்னோட்டம் கொடுக்கிறாங்க. செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை வச்சு அளந்தா மைனஸ் 0.85 வோல்ட்டோ, அதைவிடக் கீழேயோ இருக்கணும்.

எங்கே எவ்வளவு மின்சாரம் வேணும்னு கம்ப்யூட்டர் மாதிரியில முன்கூட்டியே கணக்குப் போடுறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் கணக்குக்குள்ள எந்த மண்ணைப் போட்டாங்க? நம்ம பக்கம் சரளை மேடும் ஏரிப்பாசன நஞ்சையும் அடுத்தடுத்து வருது. ஈர மண்ணுல மின்சாரம் சுலபமா ஓடும், காய்ஞ்ச சரளையில ஓடாது. சித்திரையில அளந்தது ஐப்பசிக்குப் பொருந்துமா? பக்கத்துல 25,000 வோல்ட் ரயில் பாதை இருந்தா அதன் பாதிப்பும் கணக்குல வரணும். பூச்சு புதுசா இருக்கும்போது போட்ட கணக்கை இருபது வருஷம் கழிச்சும் நம்ப முடியாது.

2014 ஜூன் 27, ஆந்திராவின் நகரம் கிராமம். கெயில் குழாய் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. அங்கே ஈரம் கலந்த வாயு உள்பக்கத்தை அரிச்சது. வெளியே கொடுக்கிற மின்சாரம் உள்ளே காப்பாத்தாது என்பதையும் சொல்லிடணும். 2017 ஜூன் 30, கதிராமங்கலம். ஓஎன்ஜிசி குழாய் கசிஞ்சு வயல்ல எண்ணெய் ஓடுச்சு. கேள்வி கேட்ட மக்களுக்குக் கிடைச்சது தடியடி.

குழாயே வேண்டாம்னு நாம சொல்லல. வழியில நிக்கிற அளவீட்டுக் கம்பங்கள்ல எடுக்கிற வோல்ட் கணக்கை, மழைக்கு முன்னும் பின்னும், உள்பக்கச் சோதனை முடிவோட சேர்த்து, குழாய் போகும் ஒவ்வொரு ஊராட்சியிலும் தமிழ்ல ஒட்டணும். அக்டோபர் 2 கிராம சபையில இதைத் தீர்மானமா கொண்டு வாங்க தோழர்களே. நகலை மாவட்ட ஆட்சியருக்கும், பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்துக்கும் அனுப்புங்க.

#குழாய்க்கணக்கைக்காட்டு