நலவாழ்வு: சுமப்போர்க்கும் ஒரு சுமைதாங்கி

சுவிற்சர்லாந்தில் ஒருவர்க்குத் திடீரென நெஞ்சுவலி கண்டால் வீட்டார் 144 என்னும் இலக்கத்தை அழைக்கின்றனர். அம்புலன்ஸ் விரைந்து வருகிறது. நோயாளியின் நிலையை உற்றார் அனைவரும் விசாரிப்பர். அவரைத் தூக்கிச் சென்றவர்கள் அன்றிரவு உறங்கினார்களா என்று விசாரிப்போர் அரிது.

2012 மார்ச் 13 ஆம் திகதி இரவு, வலே மாநிலத்துச் சியேர் நகருக்கருகே, நெடுஞ்சாலைச் சுரங்கத்தினுள் ஒரு பேருந்து சுவரில் மோதியது. பனிச்சறுக்கு விடுமுறை முடிந்து பெல்ஜியத்துக்குத் திரும்பிய பள்ளிப் பிள்ளைகள் அதில் இருந்தனர். மாண்டோர் 28 பேர். அவருள் 22 பேர் சிறுவர். தம் பிள்ளைகளை வீட்டில் உறங்கவிட்டு வந்த ஒரு மீட்புப் பணியாளர்க்கு அக்காட்சி எத்தகையதென்று விவரிக்க வேண்டியதில்லை.

இத்தகையோர்க்குத் துணை நிற்பவருள் ஒருவர் ஆன்மிகத் துணையாளர். ஜெர்மன் மொழியில் இவரைச் சேல்சோர்கர் என்பர். ஆன்மாவைப் பேணுபவர் என்பது பொருள். திருச்சபைகளில் தோன்றிய பணியெனினும், சமயம் பரப்புதல் இவர் வேலையன்று. அருகிருப்பார், கேட்பார், விரும்பினால் மட்டும் பிரார்த்திப்பார். யாழ்ப்பாணத்து வீதியோரச் சுமைதாங்கியை மூத்த அடியார்கள் மறந்திரார். மூட்டையில் என்ன இருக்கிறதென்று அது கேட்பதில்லை. இறக்கி வைத்து இளைப்பாற இடங்கொடுக்கும்.

இவரிடம் மனந்திறக்க இன்னொரு காரணமும் உண்டு. இவர் மேலதிகாரி அல்லர். சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 321 ஆம் பிரிவு, மருத்துவரையும் சட்டத்தரணியையும் போலவே சமயகுருமாரையும் இரகசியம் காக்கக் கட்டுப்படுத்துகிறது.

கொடிய நிகழ்ச்சி முடிந்தவுடன் எல்லாரையும் கூட்டிக் கண்டதையெல்லாம் விவரிக்கச் செய்யும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. ஒரே அமர்வில் அவ்வாறு பேசவைப்பது பின்னர் வரும் நோயைத் தடுப்பதில்லை, சிலர்க்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டின. ஆகவே வற்புறுத்தலாகாது. உணவு, ஓய்வு, கூடவிருக்கும் ஒரு மனிதர். முதல் நாட்களில் இவையே மருந்து. ஆயினும் கண்ட காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுதல், உறக்கமின்மை, சிறு ஒலிக்கும் திடுக்கிடல், எவரோடும் சேராமை ஆகியன ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். நல்ல ஆன்மிகத் துணையாளர் தாமே அதற்கு வழிகாட்டுவார்.

இன்று தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்நாட்டு வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் கடமையாற்றுகின்றனர். மரணத்தைக் கண்டு வீடு திரும்பும் மகளிடம், "இதெல்லாம் ஒரு விஷயமோ? நாங்கள் ஊரிலே காணாததோ?" என்று பெற்றோர் கூறிவிடுவதுண்டு. அதன்பின் மகள் வாய் திறவாள். போரைக் கண்டு வந்த அப்பெற்றோரும் தம் சுமையை எங்கும் இறக்கி வைக்காதவர்களே.

ஆலயம் அவ்விருவர்க்கும் இளைப்பாறும் இடமாகலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மண்டபத்தில் ஒருவர் கண்ணீரோடு சொன்னது அன்னதானப் பந்தியில் பேச்சாகக் கூடாது. ஊர்வாய்க்கு அஞ்சுவோர்க்கு 143 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. 1957 இல் சூரிச்சில் தொடங்கிய அச்சேவை இரவும் பகலும் இயங்குகிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. பணி முடிந்து பிள்ளை வந்தால் முதலில் ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். கேள்விகள் பின்னர் ஆகட்டும்.