அறுவையும் துணியும்

வகுப்பில் 'அறுவை' என்னும் சொல்லைச் சொன்னால் மாணவர் இதழில் குறுநகை அரும்புகின்றது. சலிப்பூட்டும் பேச்சுக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. மருத்துவமனையிலோ அதே சொல் அச்சம் தருகின்றது. ஆயின், சங்க காலத்தில் அறுவை என்பது ஆடை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஆடை விற்ற புலவர். சிலப்பதிகாரம் காட்டும் மதுரையில் அறுவை வீதி என்றே ஒரு வீதி இருந்தது. நெய்த நெடும்பரப்பினின்று அறுத்தெடுப்பதால் அறுவை, துணித்தெடுப்பதால் துணி, துண்டித்தெடுப்பதால் துண்டு.

ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்குடும்பம் ஒன்று உண்டு. கத்தரித்தலைக் குறிக்கும் 'ஷியர்' என்பது அம்மொழியின் மிகப் பழைய சொல். ஷர்ட், ஸ்கர்ட், ஷார்ட், ஷேர் ஆகியவை அதனோடு ஒரு வேரில் கிளைத்தவை. ஆடையும், குறுமையும், பங்கும் வெட்டுதலிலிருந்தே பிறந்தன. நம் 'துணி' முடிவு செய்தலையும் குறிக்கும். திருவள்ளுவர் அப்பொருளில் ஆண்டுள்ளார். ஆங்கில 'டிசைட்' என்பதன் இலத்தீன் மூலத்திற்கும் வெட்டி நீக்குதல் என்பதே பொருள். ஐயத்தை வெட்டுவதே துணிவு என்பதை இரு மக்களும் தனித்தனியே கண்டனர்.

இதனால் ஆங்கிலம் தமிழினின்று பிறந்தது எனலாமா? 'கட்' என்பது நம் 'கத்தி'யின் திரிபே என்று மேடைகளில் முழங்குவோர் உளர், கைதட்டலும் எழுகின்றது. உண்மையில் 'கட்' ஆங்கில நூல்களில் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகின்றது. ஸ்காண்டிநேவிய மொழிவழி வந்திருக்கலாம் என்பர். உறுதியாகச் சொல்வார் இலர். ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. தமிழின் பெருமைக்கு இரவல் அணிகலன் எதற்கு?

நமக்கு வேண்டுவது கைதட்டல் அன்று, சான்று. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது; 1928இல் முதற்பதிப்பு நிறைவுற்றது. அதற்குச் சான்று திரட்டியோர் பேராசிரியர் மட்டுமல்லர். தாம் படித்த நூல்களிலிருந்து சொல்லாட்சிகளைச் சிறு தாள்களில் எழுதி அனுப்பிய பொதுமக்களும் பலர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நம் பெருஞ்செல்வம். எனினும் தொழிலாளர் நாவில் உலவும் சொற்கள் எல்லாம் எந்த அகராதியிலும் அடங்குவதில்லை.

ஏனாத்தூருக்கு அண்மையில்தான் காஞ்சியின் தறிகள் ஒலிக்கின்றன. 'தறி' என்பதற்கே வெட்டு என்னும் பொருளும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? பாவு, ஊடை, கோர்வை எனத் தொடங்கி நெசவாளர் வழங்கும் சொற்கள் எத்தனையோ. கைத்தறி குறையுந்தோறும் அவையும் மறையும். ஆதலின், விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தறிவீட்டிற்குச் சென்று, பத்துச் சொற்களையேனும் அவற்றைச் சொன்னவரின் வாக்கியத்தோடு எழுதி வருக. ஆசிரியர் அவற்றைத் தொகுத்து அச்சேற்றுக. ஊர்ப்பெரியோர் அதற்குத் துணைநிற்க.

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் பிணைத்துவிடுவார். சொல் அறுந்தால் பிணைப்பவர் யார்?