ரத்தப் பரிசோதனையும் ஒரு வகுப்பறைக் கணக்கும்



"ஒரே ரத்தப் பரிசோதனையில் நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்" என்ற செய்தியை இந்த வாரம் மூன்று பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். "பணம் கட்டிப் பார்த்துவிடலாமா சார்?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய அப்பா முப்பது வருடமாகப் பீடி பிடிப்பவர். இரண்டு மாதமாக இருமலாம். நான் மருத்துவன் அல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்து, கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவன். அந்த அளவில் என் கருத்தைச் சொல்கிறேன்.

செய்தியின் அடிப்படை பொய்யல்ல. நம் செல்கள் சர்க்கரையையும் கொழுப்பையும் பயன்படுத்தும்போது உண்டாகும் சிறு சிறு பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இவற்றை வளர்சிதைப் பொருள்கள் என்கிறோம். புற்றுச் செல்லின் சாப்பாடே வேறு. ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அது குளுக்கோஸை ஏராளமாக இழுத்து லாக்டேட்டாக மாற்றும். ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கண்டறிந்தார். அடுப்பங்கரையில் என்ன வேகிறது என்பது வாசலில் மணப்பது போல, நுரையீரலில் நடப்பதை ரத்தத்தில் மோப்பம் பிடிக்க முடியுமா என்பதுதான் இன்றைய ஆராய்ச்சி.

ஆனால் வாசலுக்கு வருவது ஒரு வீட்டு மணம் மட்டுமா? நேற்றுச் சாப்பிட்டது, சர்க்கரை நோய், மாத்திரை, புகைப்பழக்கம் எல்லாமே இந்தப் பொருள்களின் அளவை மாற்றும். எடுத்த ரத்தத்தைக் குழாயில் அப்படியே வைத்திருந்தால்கூட, அதிலுள்ள செல்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைக் கூட்டிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் நான் வைத்துக்கொண்டவை. 10,000 பேரில் 50 பேருக்குப் புற்று இருக்கிறது. பரிசோதனை நோயாளிகளில் 90 சதவீதத்தையும், நலமாக இருப்பவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும். நோயாளிகளில் 45 பேர் பிடிபடுவார்கள். 5 பேர் தப்பிவிடுவார்கள். நலமாக இருக்கும் 9,950 பேரில் 995 பேருக்கும் "சந்தேகம்" என்று வரும். ஆக, பயந்து நிற்கும் 1,040 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 45 பேர்தான். "90 சதவீதம் துல்லியம்" என்ற விளம்பரத்துக்குள் இருப்பது இதுதான்.

சி.டி. ஸ்கேனுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் அதிகம் புகைத்த 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், சி.டி.யில் சந்தேகம் என்று வந்தவற்றில் 96 சதவீதம் புற்றே இல்லை. இந்த இடத்தில்தான் ரத்தப் பரிசோதனை நாளை உதவும் என்று நம்புகிறேன். ஸ்கேனில் புள்ளி தெரிந்தவர்களில் யாருக்கு ஊசி குத்தி சதை எடுக்க வேண்டும் என்று சலித்துக் கொடுக்கும் சல்லடையாக அது வரட்டும். கடைச் சரக்காக, எல்லாருக்கும் விற்கும் பேக்கேஜாக வர வேண்டாம்.

அறிகுறி இருப்பவர்கள் இதற்காகக் காத்திருக்கவே கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ரத்த முடிவு "இல்லை" என்று வந்து நிம்மதியாக உட்கார்ந்துவிட்டால், அந்தத் தப்பிய 5 பேரில் ஒருவராகிவிடலாம்.

நம் ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, பிறகு புற்று என்று தெரிந்துகொள்பவர்கள் உண்டு. சளிப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை, மருந்திலும் குணம் தெரியவில்லை என்றால், "சி.டி. எடுக்க வேண்டுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கையிலிருக்கும் பணத்தை அந்த ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்த ஒரு பைசா செலவில்லை. மருத்துவம் படித்த என் பிள்ளைகள் பின்னூட்டத்தில் மேலும் சொல்லுங்கள்; எல்லாரும் படித்துப் பயன்பெறட்டும்.