நிரம்பிய பின்னும் ஊட்டலாமா?

சென்ற ஆண்டுக் கோடையில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய சற்று நேரத்தில் தெரு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது. உம்மா மாத்திரை சாப்பிடும் வேளை அது. சுவரோரத்தில் எந்நேரமும் ப்ளக்கில் மாட்டப்பட்டே இருந்த எமர்ஜென்ஸி விளக்கை எடுத்து எரியவிட்டேன். வாங்கிய புதிதில் நான்கு மணி நேரம் ஒளி தந்த அவ்விளக்கு, அன்று பத்தே நிமிடத்தில் மங்கி அணைந்தது. இருட்டில் தட்டுத் தடுமாறி எழுந்த உம்மா வாசற்படியில் இடறினார்கள். கைக்கு எட்டிய கதவைப் பற்றிக்கொண்டதால் விழாமல் தப்பினார்கள்.

அமர்ந்து மூச்சு வாங்கிய பின் அவர்கள் கேட்ட கேள்வி இது: "இரவும் பகலும் கரண்டிலேயேதானே கிடந்தது வாப்பா! பிறகு ஏன் சார்ஜ் இல்லாமல் போனது?"

அந்தக் கேள்விக்குள்ளேயே விடையும் இருந்தது. இரவும் பகலும் கரண்டில் கிடந்ததுதான் அந்த விளக்கின் ஆயுளை முடித்த காரணம்.

மறுநாள் காலை விளக்கைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மூடிய வகை ஈய பேட்டரி. அதன் இரு பக்கங்களும் உப்பிப் போயிருந்தன. அதற்கு மின்னேற்றம் செய்யும் பகுதியில் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டயோடுகள், ஒரு ரெசிஸ்டர், ஒரு சிவப்புக் குறி விளக்கு ஆகியவை மட்டுமே இருந்தன. பேட்டரி நிரம்பியதும் 'போதும்' என்று தடுத்து நிறுத்தும் உறுப்பு ஒன்றுகூட அதில் இல்லை. மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தபோது பேட்டரியின் முனைகளில் 7.8 வோல்ட் காட்டியது. அது எவ்வளவு மிகை என்பதை அறிய, பேட்டரிக்குள் நடப்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

ஈய பேட்டரியை 1859 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் காஸ்டன் பிளான்டே என்னும் பிரெஞ்சு அறிஞர். அதன் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். 6 வோல்ட் பேட்டரியில் மூன்று அறைகள் உண்டு. ஒரு தகடு ஈயம். மற்றொன்று ஈய டை ஆக்சைடு. இடையில் கந்தக அமிலக் கரைசல். நாம் விளக்கை எரிக்கும்போது இரு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றம் செய்யும்போது அந்தப் படிவு மீண்டும் ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் மாறுகிறது.

படிவு முழுவதும் மாறி முடிந்த பிறகும் மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மாற்றுவதற்கு வேறொன்றும் இல்லாததால், அந்த மின்னோட்டம் கரைசலிலுள்ள நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் ஆக்குகிறது. மூடிய பேட்டரியில் சிறிதளவு வாயு உள்ளேயே மீண்டும் நீராகிவிடும். அளவு மீறினால் வாயுவின் அழுத்தம் சிறு வால்வைத் திறந்துகொண்டு வெளியேறும். மூடிய பேட்டரியாகையால் இழந்த நீரை நாம் திரும்ப ஊற்றவும் வழியில்லை. உள்ளே வறட்சி, வெப்பம், வீக்கம், முடிவில் மரணம்! எங்கள் வீட்டு விளக்குக்கு நேர்ந்தது இதுவே.

நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். குழாயின் வாயில் மிதவை வால்வு இருந்தால், நீர் மட்டம் உயர உயர வரத்து குறைந்து, நிரம்பியதும் தானே நின்றுவிடும். மிதவை இல்லாத தொட்டியோ வழிந்து சுவரை அரிக்கும். பேட்டரிக்கு இந்த மிதவையாக அமைவதுதான் மின்னழுத்தச் சீராக்கி என்னும் ரெகுலேட்டர்.

எப்போதும் மின்சாரத்தில் இணைந்தே இருக்கும் ஈய பேட்டரியின் ஓர் அறைக்கு 2.25 முதல் 2.3 வோல்ட் வரை தரலாம். மூன்று அறைகளுக்கு 6.75 முதல் 6.9 வோல்ட். இந்த எல்லையில் நிறுத்தினால், நிரம்பிய பேட்டரி தன் இயல்பான கசிவை ஈடுசெய்யும் அளவுக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தையே ஏற்கும். மேற்சொன்ன அளவு 25 பாகை வெப்பநிலைக்கு உரியது. வெப்பம் பாகைக்குப் பாகை உயர, அறை ஒன்றுக்குச் சுமார் 3 மில்லிவோல்ட் குறைத்துக்கொள்வது முறை. 35 பாகையில் இருக்கும் நம் ஊர் வீடுகளில் மூன்று அறைக்கும் சேர்த்து ஏறக்குறைய 0.1 வோல்ட் குறைய வேண்டும். எங்கள் விளக்கோ 7.8 வோல்ட்டில் வெந்துகொண்டிருந்தது.

ஒரு மின்சுற்று தன் அளவை எவ்வாறு அறிகிறது? மாறாத சிறு மின்னழுத்தம் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே செல்வதை அதனோடு ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நம் தெருமுனை எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் எல்.எம்.317 என்னும் மூன்று கால் ரெகுலேட்டர், 1.25 வோல்ட்டைத் தன் அளவுகோலாகக் கொண்டது. அதனுடன் 240 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் 1056 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் இணைத்தால், இரண்டாவது முதலாவதைப் போல் 4.4 மடங்கு. அதனுடன் ஒன்றைக் கூட்டி 1.25 ஆல் பெருக்கினால் 6.75 வோல்ட்! (1000 ஓம், 56 ஓம் ஆகிய இரண்டையும் தொடராகச் சேர்த்தால் 1056 கிடைத்துவிடும்.) உள்ளே வரும் மின்னழுத்தம் சுமார் 3 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். மிஞ்சுவது வெப்பமாக மாறுமாதலால் அலுமினியத் தகடும் தேவை. மின்சாரம் நின்றபோது பேட்டரியின் மின்னோட்டம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் டயோடு ஒன்றைச் சேர்த்து, அது விழுங்கும் மின்னழுத்தத்தை ஈடுசெய்து, பேட்டரியின் முனையில் அளந்து சரிபார்க்க வேண்டும். இதில் பழக்கமில்லாதவர்கள் 230 வோல்ட் உள்ள பெட்டியைத் திறக்காமல், தெரிந்த தொழிலாளரிடம் கொடுப்பதே நன்று.

புதிய பேட்டரியும் இந்தச் சிறு மாற்றமுமாக எங்கள் விளக்கு ஓராண்டைக் கடந்துவிட்டது. இன்றும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் எரிகிறது.

"அப்படியானால் செல்போனையும் இரவெல்லாம் மாட்டி வைக்கக் கூடாதா?" என்று சகோதரிகள் கேட்கலாம். செல்போனின் நிலை வேறு. அதிலிருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991 இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகைக்காக, 2019 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. வழக்கமான லித்தியம் அறையின் எல்லை 4.2 வோல்ட், அதில் 0.05 வோல்ட் பிசகுக்கே இடமுண்டு. முதலில் மாறாத மின்னோட்டம், 4.2 ஐ எட்டியதும் மாறாத மின்னழுத்தம், மின்னோட்டம் பத்திலொரு பங்காக இறங்கியதும் முழு நிறுத்தம் என்பது அதன் ஒழுங்கு. இந்த ஒழுங்கைக் காக்கும் சுற்று செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இரவில் மாட்டி வைத்தால் உடனே கெட்டுவிடாது. ஆனால் தலையணைக்கடியில் வைத்து வெப்பத்தில் வேகவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும், ஆபத்தும் கூட.

உண்மையான ஆபத்து மற்றோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. சிறிய விளக்குகளிலும் டார்ச்சுகளிலும் 4 வோல்ட் ஈய பேட்டரி இருப்பதுண்டு. அது கெட்டதும், "3.7 வோல்ட் லித்தியம் போட்டால் போதும், அருகருகேதானே இருக்கிறது" என்று மாற்றிவிடுவோர் உள்ளனர். ஈய பேட்டரிக்கான பழைய சார்ஜரோ 4.5 வோல்ட்டையும் தாண்டிச் செல்லும். 4.2 வோல்ட்டைக் கடந்த லித்தியம் அறைக்குள் லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும். அது உள்ளே தடுப்புத் தாளைத் துளைத்து இரு முனைகளையும் இணைத்தால் தீப்பற்றும். பிள்ளைகள் உறங்கும் அறையில் இந்தச் சோதனை வேண்டாம்.

இனி, வீட்டில் நாம் செய்யக் கூடியவை. விளக்கு வாங்கும்போது, நிரம்பியதும் தானே நிற்குமா என்று கேட்டு வாங்குங்கள். அவ்வசதி இல்லாவிடில் மணி பார்த்துக் கழற்றுங்கள். 4.5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 13 மணி நேரம் போதும். மங்கிய விளக்கை அடியோடு வற்றும்வரை எரியவிடாதீர்கள். 6 வோல்ட் பேட்டரி 5.25 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கலாகாது. வெறுமையாகவே அலமாரியில் போட்டுவைத்தால் சல்பேட் இறுகிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மின்னேற்றம் செய்யுங்கள். நீர் ஊற்றும் இன்வெர்ட்டர் பேட்டரி உள்ள இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி வெடிப்பாகிவிடும். கெட்ட பேட்டரியைக் குப்பையில் எறியாமல் கடையிலேயே ஒப்படையுங்கள். ஈயம் நஞ்சு. மேலும், 2022 ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

இன்றிரவு உறங்கச் செல்லுமுன் உங்கள் வீட்டு எமர்ஜென்ஸி விளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். நிரம்பிய பின்னும் அது சுடுகிறதா? பக்கம் உப்பியிருக்கிறதா? அப்படியாயின் உடனே கழற்றிவிடுங்கள். மின்சாரம் நிற்கும் இரவில், முதியவர் ஒருவரின் காலடிக்கு ஒளி தர வேண்டிய விளக்கு அது.